செமி-ஹாலோ கிட்டார் வாங்கப் போறீங்களா? முதல்ல டார்ச் எடுங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா அங்கங்கே சுருக்கியிருக்கோம்.)

போன வாரம் ஆண்டிபட்டியிலிருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாரு. அவர் பேசுற நேரம் முழுக்கப் பின்னாடி டடக் டடக்னு ஒரு சத்தம். முதல்ல ரயில்னு நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சது, அது விசைத்தறி. சக்கம்பட்டிப் பக்கம் வீடாம், வீட்டுக்குள்ளயே தறி ஓடுதாம்.

அவர் கேட்டது இதுதான்: "அண்ணே, கையில நாப்பதாயிரம் இருக்கு. ரெண்டு வருசமாச் சேத்தது. அதுல பாதி அம்மா தறியில சம்பாதிச்ச காசு. ஒரு விலை கம்மியான செமி-ஹாலோ வாங்கி, பிக்கப்பை மட்டும் மாத்திட்டா பெரிய கிட்டார் மாதிரி கேக்கும்ங்கிறாங்க. நெசமாண்ணே? எதை வாங்கட்டும்? தப்பா வாங்கிட்டா இன்னொரு தடவை வாங்க முடியாது."

அந்தக் கடைசி வரிதான் என்னை உக்கார வச்சு இந்த எபிசோடைத் தயார் பண்ண வச்சுது. அந்தப் பள்ளத்தாக்குக்கு இது புதுக் கதையும் இல்ல. பண்ணைப்புரத்துலேர்ந்து இளையராஜாவும் அவர் சகோதரர்களும் மெட்ராஸுக்குக் கிளம்பினப்போ, அவங்க அம்மா வீட்டு ரேடியோவை வித்து 400 ரூபாய் கொடுத்து அனுப்பினாங்கன்னு ராஜாவே பல மேடைகள்ல சொல்லியிருக்காரு. வீட்டுக் காசுல இசைக்குப் போறப்ப, ஒவ்வொரு ரூபாயும் கணக்குச் சொல்லணும்.

இன்னொரு காரணமும் உண்டு. இதே வேலையை நான் சொதப்பியிருக்கேன். பழைய செமி-ஹாலோ ஒண்ணு வாங்குறதுக்கு முன்னாடியே நல்ல பிக்கப் செட்டை ஆர்டர் பண்ணிட்டேன். கிட்டார் வந்த பிறகு பார்த்தா, பிக்கப்போட கால் உள்ள இருக்கிற மரக்கட்டையில இடிக்குது. புது வால்யூம் பாட் ஓட்டைக்குள்ள நுழையல. டிரில் போட்டேன், மேல் பலகை பிளந்துருச்சு. ஆறு மாசம் கிட்டார் கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு. தப்பு கிட்டார் மேலயும் இல்ல, பிக்கப் மேலயும் இல்ல. நான் செஞ்ச வரிசைதான் தப்பு.

செமி-ஹாலோன்னா என்ன?

எலக்ட்ரிக் கிட்டாரை உடம்பை வச்சு மூணு ரகமாப் பிரிக்கலாம். முழுக்க மரமா இருந்தா சாலிட் பாடி. முழுக்க உள்ளே காலியா இருந்தா ஹாலோ பாடி. ரெண்டுக்கும் நடுவுல செமி-ஹாலோ: ரெண்டு பக்கமும் காலி, நடுவுல மட்டும் கழுத்துலேர்ந்து அடி வரைக்கும் ஒரு நீளமான மரக்கட்டை. பாலமும் பிக்கப்பும் உக்கார்றது அந்தக் கட்டை மேல.

இந்த ஏற்பாடு வந்ததுக்குக் காரணம் ஃபீட்பேக். ஹாலோ கிட்டாரை ஆம்ப் பக்கத்துல சத்தமா வச்சா, ஸ்பீக்கர் சத்தம் உடம்பை அதிர வைக்கும். அந்த அதிர்வு கம்பிக்குப் போகும், கம்பி திரும்ப ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஊன்னு ஒரே ஊளை. 1940 வாக்குல லெஸ் பால் ஒரு கெட்டியான மரக்கட்டையில கம்பி கட்டி, ரெண்டு பக்கமும் கிட்டார் உடம்பை ஒட்ட வச்சுப் பார்த்தார். 1958ல கிப்சன் கம்பெனி அந்த யோசனையை ஒழுங்கா வடிவமைச்சு இ.எஸ்-335 மாடலைக் கொண்டு வந்துச்சு. இன்னைக்கு நாம பாக்குற மலிவு செமி-ஹாலோ எல்லாத்துக்கும் தாத்தா அதுதான்.

கட்டை ஃபீட்பேக்கைக் குறைக்கும், முழுசா ஒழிக்காது. பி.பி.கிங் தன்னோட கிட்டார்ல அந்த எஃப் வடிவத் துவாரத்துக்குள்ள துணியை அடைச்சு வாசிச்சார். 1980ல அவர் பேர்ல கிப்சன் விட்ட 'லூசில்' மாடல்ல துவாரமே கிடையாது. நம்ம ஊர்த் திருவிழா மேடையில, மைக்செட் பாக்ஸ் காதுக்கு நேரா நிக்கும்போது இந்தத் துணி வைத்தியம் இன்னைக்கும் வேலை செய்யும். செலவு சுத்தமா இல்ல.

பிக்கப் எதை மாத்தும், எதை மாத்தாது

பிக்கப்ங்கிறது ஒரு காந்தம், அதைச் சுத்தி ஆயிரக்கணக்கான சுத்து மெல்லிய செப்புக் கம்பி. மேல இரும்புக் கம்பி அதிர்ந்தா, காந்தப் புலம் அசையும், சுருள்ல சின்னதா மின்சாரம் பிறக்கும். அவ்வளவுதான். அதனால பிக்கப் மாத்தினா டோன் மாறும்: பளிச்சுன்னு இருக்கிறது, மந்தமா இருக்கிறது, மெதுவா வாசிச்சா மெதுவாவும் அழுத்தினா அழுத்தமாவும் பதில் சொல்றது, இதெல்லாம் மாறும்.

மாறாதது என்ன? வளைஞ்ச கழுத்து, தேஞ்ச ஃப்ரெட், சுருதி நிக்காத முறுக்காணி, சரியா வெட்டாத நட். பத்தாயிரம் ரூபாய் பிக்கப்பைப் போட்டாலும் கோணக் கழுத்து கோணக் கழுத்துதான். கோணலை இன்னும் தெளிவாக் கேக்கலாம், அவ்வளவுதான் லாபம்.

அதனால முதல் விதி: பிக்கப்பை மாத்தலாம், கழுத்தை மாத்த முடியாது. காசைக் கழுத்துக்குக் கொடுங்க.

தறி வீடும் 50 ஹெர்ட்ஸும்

தம்பி இன்னொண்ணும் சொன்னாரு. நண்பரோட சிங்கிள் காயில் கிட்டாரை வீட்டுல வாசிச்சா 'ங்ங்ங்'னு ஒரு இரைச்சல், தறி ஓடும்போது இன்னும் ஜாஸ்தி. இது இவருக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா எந்தப் பிக்கப்னு முடிவு பண்ணப் போறதே இதுதான்.

நம்ம ஊர் கரண்ட் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமா போய் வருது. மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் அதே வேகத்துல ஒரு காந்தப் புலத்தைப் பரப்பும். ஒத்தைச் சுருள் பிக்கப்புக்குக் கம்பியோட அசைவு எது, மோட்டாரோட புலம் எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது. ரெண்டையும் சேத்து அனுப்பும்.

கிப்சன்ல வேலை பார்த்த சேத் லவர் 1955ல இதுக்கு ஒரு தீர்வுக்குப் பேட்டன்ட் கேட்டு விண்ணப்பிச்சார். ரெண்டு சுருள். ஒண்ணோட காந்த முனை மேல் நோக்கி வடக்குன்னா, இன்னொண்ணு தெற்கு. மின் திசையிலயும் ஒண்ணுக்கொண்ணு எதிர். வெளியிலேர்ந்து வர்ற இரைச்சல் ரெண்டுலயும் எதிரெதிரா வந்து அடிபட்டுப் போகும். கம்பியோட ஒலிக்கு மட்டும் காந்தமும் எதிர், சுத்தும் எதிர், அதனால ரெண்டும் ஒண்ணு சேந்துடும். இரைச்சலை, அதாவது 'ஹம்'மை, அடக்குறதால பேரு ஹம்பக்கர். பேட்டன்ட் 1959ல கிடைச்சுது.

தறி வீட்டுல பி-90 மாதிரி ஒத்தைச் சுருள் பிக்கப் எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம். ஹம்பக்கர்தான்.

ஆனா ஹம்பக்கர் எல்லா இரைச்சலையும் தின்னுடாது. ஒரு சோதனை செய்ங்க. கிட்டாரை மாட்டிக்கிட்டு மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. ஒரு திசையில இரைச்சல் குறைஞ்சா, அது காந்த வழியா வர்றது, ஹம்பக்கர் அடக்கிடும். கம்பியில கை வச்சா இரைச்சல் குறைஞ்சா, அது எர்த் அல்லது ஷீல்டிங் சமாச்சாரம். அதுக்குப் பிக்கப் மாத்துறது மட்டும் மருந்து இல்ல.

இங்கதான் செமி-ஹாலோவுக்குன்னு ஒரு சிக்கல். சாலிட் பாடின்னா வயரிங் இருக்கிற குழிக்குள்ள செப்புத் தாள் ஒட்டி மூடிடலாம். செமி-ஹாலோவுல குழியே கிடையாது, வயர் காலி வயித்துக்குள்ள சும்மா தொங்குது. அதனால உலோக மூடி போட்ட பிக்கப்பா, ஷீல்டு வயரோட வாங்கணும். உள்ளே ஓடுற மத்த வயரும் ஷீல்டு வயரா இருக்கணும். அப்புறம் முக்கியமான ஒண்ணு: ஆம்ப் பிளக்கோட எர்த் முனையை வெட்டி இரைச்சலைக் குறைக்கலாம்னு யாராவது சொன்னா, கேக்காதீங்க. அது உயிர் சமாச்சாரம்.

பேரைப் பார்த்து ஏமாறாதீங்க

நம்ம பட்ஜெட்டுக்கு நெருக்கமா, புதுசாவோ செகண்ட் ஹேண்டாவோ, அடிக்கடி கண்ணுல படுற பேருங்க இதுங்க.

ஐபனெஸ் ஆர்ட்கோர் வரிசை: ஏ.எஸ்.53, ஏ.எஸ்.73. 'ஏ.எஸ்.'னு ஆரம்பிச்சா நடுவுல கட்டை உண்டு. 'ஏ.எஃப்.'னு ஆரம்பிச்சா முழு ஹாலோ. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், கிட்டாரே வேற. ஜாஸ் வாசிக்கிற ஜான் ஸ்கோஃபீல்டு பல வருஷமா வாசிக்கிற ஐபனெஸ் ஏ.எஸ்.200 இதே குடும்பத்து மூத்த அண்ணன்.

எபிஃபோன்: டாட், இ.எஸ்-335. 2020ல புது வரிசையா வந்த எபிஃபோன் இ.எஸ்-335ல பாட் எல்லாம் ஏற்கெனவே தரமான சி.டி.எஸ். வகை, பிக்கப்பும் மோசமில்ல. அதை வாங்கினா மாத்துற வேலையே தேவைப்படாம போகலாம். எபிஃபோன் கசினோ பாக்க அச்சு அசல் 335 மாதிரியே இருக்கும். ஆனா உள்ளே கட்டை கிடையாது, பிக்கப்பும் பி-90. பீட்டில்ஸ் வாசிச்ச கிட்டார்தான், ஆசை வரும். தறி வீட்டுக்கு ஆகாது.

ஸ்குவையர் ஸ்டார்காஸ்டர்: அஃபினிட்டி வரிசையில சாதாரண அளவு ஹம்பக்கர். கிளாசிக் வைப் வரிசையில இருக்கிறது 'வைடு ரேஞ்ச்', அது அளவுல பெருசு. கடையில கிடைக்கிற வழக்கமான ஹம்பக்கர் அந்த இடத்துல நேரா உக்காராது. மாத்துற திட்டம் இருந்தா கவனம்.

கிரெட்ச் ஸ்ட்ரீம்லைனர்: ஜி2622ல கட்டை உண்டு, ஜி2420ல கிடையாது. பிக்கப் அளவை அளந்து பாக்காம முடிவு பண்ணாதீங்க.

கடைக்குப் போகும்போது டார்ச், ஸ்கேல், சின்னக் கண்ணாடி

ஆன்லைன்ல போட்டோ பார்த்து வாங்குறதை விட, நேர்ல போய்ப் பாக்குறது நல்லது. 2022 மே மாசத்துலேர்ந்து ஆண்டிபட்டி வழியா மறுபடி மதுரைக்கு ரயில் ஓடுது. கணவாய் ரோட்டுல பஸ்ஸுல கிட்டாரை இடுக்கிக்கிட்டு வர்றதுக்கு அது எவ்வளவோ மேல். போனா இந்த அஞ்சையும் பாருங்க.

ஒண்ணு, கழுத்து. தடிச்ச ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்லயும் கடைசி ஃப்ரெட்லயும் ஒரே நேரத்துல அழுத்துங்க. ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கு அடியில ஒரு பேப்பர் நுழையற இடைவெளி இருந்தா நல்லது. பெருசா இருந்தா வளைவு, முறுக்குக் கம்பியைத் திருப்பிச் சரி பண்ண முடியுதான்னு அங்கேயே கேளுங்க. அப்புறம் எல்லா ஃப்ரெட்லயும் ஒரு தடவை வாசிங்க. எங்கேயாவது ஒலி செத்துப் போகுதா, உரசுதா?

ரெண்டு, உள்ளே கட்டை. போன் டார்ச்சை ஒரு துவாரத்துல அடிச்சு, சின்னக் கண்ணாடியை இன்னொண்ணுல காட்டுங்க. கட்டை முழுசா இருக்கா, பாலத்துக்கு அடியில வெட்டு இருக்கான்னு தெரியும். வெட்டு இருந்தா வயரிங் வேலை சுலபம்.

மூணு, பிக்கப் இடைவெளி. முதல் ஸ்க்ரூவோட நடுவுலேர்ந்து ஆறாவது ஸ்க்ரூவோட நடு வரைக்கும் அளங்க. பொதுவா 49-50 மில்லிமீட்டர், இல்லைன்னா 52-53. ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் காதுக்குத் தெரியாது. ஆனா உலோக மூடியில ஓட்டை விழுந்த இடம் மாறாது, அதனால குறிச்சு வச்சுக்கோங்க.

நாலு, பாட் ஓட்டை. ஆசியத் தயாரிப்புகள்ல பெரும்பாலும் சின்ன பாட், உடம்பு 16 மில்லிமீட்டர், ஓட்டை 7 அல்லது 8. அமெரிக்க அளவு பாட்டுக்கு உடம்பு 24 சொச்சம், ஓட்டை 9.5. எஃப் துவாரத்தோட அகலத்தையும் அளங்க, ஏன்னா பாட் உள்ள போற வாசலே அதுதான். பேசாம நல்ல தரமான சின்ன பாட்டே வாங்குங்க, 500 கே மதிப்புல. ஓட்டையைப் பெருசாக்கியே ஆகணும்னா டிரில் வேண்டாம், கையால திருப்புற ரீமர். என் பலகை பிளந்தது டிரில்லாலதான்.

அஞ்சு, ஆழம். கடைக்காரர் சம்மதிச்சா பிக்கப் சட்டத்தோட நாலு ஸ்க்ரூவைக் கழட்டி, உள்ளே கால் போற பள்ளம் எவ்வளவு ஆழம்னு பாருங்க. சம்மதிக்கலைன்னா பரவாயில்ல, வீட்டுக்கு வந்து பாருங்க. அது வரைக்கும் பிக்கப் ஆர்டர் பண்ணாம இருந்தாப் போதும்.

ரெண்டாவது விதி இதுதான்: கிட்டார் கைக்கு வந்து, அளந்து முடிச்ச பிறகுதான் பிக்கப்.

நாப்பதாயிரத்துக்குக் கணக்கு

விலை மாசத்துக்கு மாசம் மாறுது, அதனால பங்கு பிரிக்கிற முறையைச் சொல்றேன். கிட்டாருக்கு 27,000க்கு மேல போகாதீங்க. அதுக்குள்ள புதுசு கிடைக்கலைன்னா நல்ல செகண்ட் ஹேண்ட். செட்டப்புக்கும் புதுக் கம்பிக்கும் 2,000. பிக்கப்புக்கு 7,000. பாட், கெபாசிட்டர், சுவிட்ச், ஜாக், வயர் எல்லாம் சேத்து 2,000. மீதி 2,000 கையில இருக்கட்டும், கண்டிப்பா எதாவது ஒண்ணு வரும்.

முதல் மூணு மாசம் பிக்கப்பைத் தொடவே தொடாதீங்க. கிட்டாரைச் செட்டப் பண்ணி, புதுக் கம்பி போட்டு, பிக்கப் உயரத்தை மட்டும் மாத்திப் பாருங்க. கடைசி ஃப்ரெட்டை அழுத்தினா கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவுல 2 லேர்ந்து 3 மில்லிமீட்டர், அங்கிருந்து காதை நம்பி ஏத்தி இறக்குங்க. மந்தமா இருந்த கிட்டார் இதுலயே முழிச்சுக்கிறதை நான் பார்த்திருக்கேன். போன்ல ஒரே பாட்டை ரெக்கார்ட் பண்ணி வைங்க, பின்னாடி ஒப்பிடறதுக்கு. ஆடிக் காத்துலயும் வெயில்லயும் மேல் பலகை அவ்வளவா அசையாது, அது ஒட்டுப் பலகை. கழுத்து அசையும். அதையும் இந்த மூணு மாசத்துல தெரிஞ்சுக்குவீங்க.

அப்பவும் திருப்தி இல்லைன்னா, கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் முதல்ல மாத்துங்க. பழைய சினிமாப் பாட்டுகள்ல கேக்குற அந்த உருண்டையான, வெதுவெதுப்பான ஒலிக்கு ஆசைப்பட்டுத்தானே செமி-ஹாலோவுக்கே வந்தீங்க. அது பெரும்பாலும் அங்கேருந்துதான் வருது.

என்ன மாதிரி வாங்கணும்? 7.5 லேர்ந்து 8.5 கிலோஓம் சுத்துல இருக்கிற ஆல்நிகோ காந்தப் பிக்கப் இந்த வேலைக்கு நல்லாப் பொருந்தும். ஓம் எண் பெருசா இருந்தா பிக்கப் பெருசுன்னு அர்த்தம் இல்ல, மெல்லிய கம்பியில சுத்தினாலே எண் ஏறும். மேடையில வாசிக்கப் போறதால மெழுகு ஊறவச்ச பிக்கப் வாங்குங்க. மெழுகு இல்லாத சுருள் சத்தத்துல தானே அதிர்ந்து கீச்சுன்னு கத்தும், அந்தக் கீச்சுக்குத் துணி அடைச்சாலும் பலன் இல்ல.

நாலு வயர் ரகமா வாங்குறது புத்திசாலித்தனம். ஏன்னா புதுப் பிக்கப்பும் பழைய பிக்கப்பும் எதிர்த் திசையில சுத்தியிருந்தா, சுவிட்சை நடுவுல வச்சதும் தகர டப்பா மாதிரி மெலிஞ்சு கேக்கும். நாலு வயர்னா திசையை மாத்திச் சேத்துடலாம். ஒத்தை வயர்ல சுத்துற பின்னல் மூடியோட ஒட்டியிருக்கும், அவ்வளவு லேசுல மாத்த முடியாது. ஊசி மல்டிமீட்டர் வச்சிருக்கிற மைக்செட் அண்ணன் உங்க தெருவுல இருப்பாரு. ரெண்டு பிக்கப்பையும் ஒவ்வொண்ணா மீட்டர்ல மாட்டி, ஸ்க்ரூ பக்கம் திருப்புளியை லேசாத் தட்டச் சொல்லுங்க. ஊசி ரெண்டுக்கும் ஒரே பக்கம் துள்ளுதான்னு பாருங்க. சால்டரிங்குக்கு முன்னாடியே பதில் கிடைச்சுரும்.

மாத்துற நாள்

செமி-ஹாலோவுல பின் மூடி கிடையாது. பாட், சுவிட்ச், ஜாக் எல்லாமே எஃப் துவாரம் வழியாத்தான் வெளிய வரணும், திரும்ப உள்ள போகணும். கப்பலைப் பாட்டிலுக்குள்ள ஏத்துற கதை. வழி இருக்கு.

கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. மேல் பலகையில பழைய துணி விரிச்சுக்கோங்க. மீன் தொட்டிக்குக் காத்து விடுற டியூப் நாலு துண்டு எடுத்து, முனையை வெந்நீர்ல நனைச்சு, ஒவ்வொரு பாட்டோட தண்டுலயும் மாட்டிடுங்க. நட்டைக் கழட்டி பாட்டை உள்ள தள்ளினாலும் டியூபோட வால் வெளியில இருக்கும். ஜாக்குக்கும் சுவிட்ச்சுக்கும் உறுதியான நூல். அது உங்க வீட்டுல இல்லாமலா போகும்! சால்டரிங் முழுக்க வெளியில, ஒரு அட்டையில கிட்டார் ஓட்டை மாதிரியே ஓட்டை போட்டு, அதுல பாட்டை மாட்டி முடிங்க. ஆம்ப்ல போட்டு, திருப்புளியால பிக்கப்பைத் தட்டிச் சத்தம் வருதான்னு கேட்ட பிறகு, வாலைப் பிடிச்சு ஒவ்வொண்ணா இழுத்து இடத்துல உக்கார வைங்க. பாலத்துலேர்ந்து வர்ற எர்த் வயரை மறந்துடாதீங்க. மறந்தா மறுபடி முதல்லேர்ந்து.

பொறுமையா ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க ஆகும். பழைய பிக்கப்பை வித்துடாதீங்க. எப்பவாவது கிட்டாரை விக்க வேண்டி வந்தா, ஒரிஜினலைத் திரும்ப மாட்டிட்டுப் புதுசைத் தனியா வச்சுக்கலாம்.

ஆக, தம்பி, நீங்க கேட்டதுக்கு நேர் பதில்: நெசம்தான், ஆனா பாதி. நல்ல கழுத்தும் நடுவுல கட்டையும் இருக்கிற மலிவு செமி-ஹாலோவுக்குப் பிக்கப் மாத்தினா நல்லாவே வித்தியாசம் தெரியும். உங்களுக்கு நான் எடுப்பேன்னா, செகண்ட் ஹேண்ட்ல கழுத்து நேரா இருக்கிற ஒரு ஐபனெஸ் ஏ.எஸ்., இல்லைன்னா எபிஃபோன் டாட். மூணு மாசம் அப்படியே வாசிப்பேன். அதுக்கப்புறமும் பிக்கப் காசு தேவைப்படலைன்னா அதை அம்மாகிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க. அதை விட நல்ல அப்கிரேடு இல்ல.

வாங்கினதும் ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. தறி ஓடும்போதே வாசிச்சு அனுப்புங்க. இரைச்சல் குறைஞ்சிருக்கான்னு எல்லாரும் சேந்து கேப்போம்.